முருங்கைக்குத் தொட்டி இருக்கிறது, மில்க்வீடுக்கு ஒரு மூலை கொடுங்கள்

அக்டோபர் வந்துவிட்டால், இல்லினாயில் சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில், அரோரா பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஒரே பரபரப்பு. முதல் உறைபனி விழுவதற்குள் கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கைத் தொட்டிகளை உள்ளே தூக்கி வந்து, ஜன்னலோரம் விளக்குப் போட்டு, வசந்தம் வரை பொத்திப் பொத்திக் காப்பாற்றுவோம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான், அதில் எனக்குக் குறையே இல்லை. என் ஆதங்கம் வேறு. பத்து இருபது வருஷம் இங்கே குடியிருந்து, வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகும், இந்த மண்ணுக்கே உரிய ஒரு செடியின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. வேலைக்காக வந்த ஊர்தானே என்று இருந்துவிடுகிறோம். இது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

இல்லினாய்க்கு ‘பிரெய்ரி மாநிலம்’ என்று பட்டப்பெயர். 1820 வாக்கில் இங்கே ஏறக்குறைய 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரிப் புல்வெளி இருந்தது. இன்று கலப்பை படாமல் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர். ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் புல்வேர்கள் மட்கி மட்கி உண்டாக்கிய கரிய மண் இது. பழைய இரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டு உழவே விடாது. 1837-ல் இங்கே கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர், இந்த மண் ஒட்டாத எஃகுக் கலப்பை செய்தார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்து முடிந்தது. 1833 சிகாகோ ஒப்பந்தத்தின் பெயரில் பொட்டவாட்டமி என்ற பூர்வகுடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பியதும் அதே காலம்தான். இந்தப் புல்வெளிக்குத் தீ வைத்துப் பராமரித்து வந்தவர்கள் இந்தப் பூர்வகுடிகள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

உழாமல் விட்ட இடங்களில் மட்டும் அந்தப் புல் தப்பித்தது. பழைய கல்லறைத் தோட்டங்கள், ரயில் பாதை ஓரங்கள். பேராசிரியர் ராபர்ட் பெட்ஸ் இந்த மாதிரி இடங்களைத் தேடித் தேடிப் போனவர். பக்கத்துப் பட்டேவியாவில், ஃபெர்மிலேப் என்ற இயற்பியல் ஆய்வகத்தின் துகள் முடுக்கி வளையத்துக்குள் சோளம் விளைந்த நிலத்தை மறுபடி பிரெய்ரி ஆக்கலாம் என்று யோசனை சொல்லி, 1975-ல் விதைப்பைத் தொடங்கி வைத்தார். அங்கே காட்டெருமை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. அடுத்த முறை வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள், நடைபாதை ஓரத்துப் புல்லையும் பாருங்கள். ஆகஸ்டில் பிக் புளூஸ்டெம் என்ற பிரெய்ரிப் புல் உங்கள் தலைக்கு மேல் நிற்கும்.

பார்ப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அதற்கு நான் சொல்வது ஒரு நோட்டு. தேதி, வெயிலா மேகமா, என்ன பூத்தது, என்ன வந்து உட்கார்ந்தது, இவ்வளவு எழுதினால் போதும். போனில் படம் எடுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். படம் எடுத்த கையோடு கண் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. வரைய உட்கார்ந்தால்தான் காம்பஸ் பிளான்ட் என்ற பிரெய்ரிச் செடியின் அடி இலைகள் விளிம்பை வடக்கு தெற்காக வைத்து நிமிர்ந்து நிற்பது தெரியும். காலை, மாலை வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு உச்சிவெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டும் சாமர்த்தியம் அது. இன்னொன்றும் உண்டு. 1850-களில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, மாசசூசெட்ஸில் இருக்கும் தன் ஊரான கான்கார்டில் எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்தது என்று குறித்து வைத்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடைய சகாக்களும் அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டுத்தான், வெப்பம் கூடக் கூடப் பூக்கள் முந்திக்கொண்டு பூப்பதை எடுத்துக்காட்டினார்கள். இன்று உங்கள் மகள் எழுதும் தேதியும் நாளைக்கு யாருக்காவது கணக்காகும்.

பேக்யார்டில் ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் மில்க்வீட் வையுங்கள். நம் ஊர் எருக்குக்கு இது சொந்தம். கிள்ளினால் அதே வெள்ளைப் பால் வரும், கண்ணில் படக்கூடாது. எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியனும் மில்க்வீடில் முட்டையிடும் மொனார்க்கும் ஒரே பேரினப் பட்டாம்பூச்சிகள். ஜூன், ஜூலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் முட்டை, அதன்மேல் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள். பொரிந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும். அப்புறம் இலையில் வட்டமாக ஒரு கோடு கடித்து, பால் வருவதை நிறுத்திவிட்டு, அந்த வட்டத்துக்குள் மேயும். அதன் வாயே ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பசை அந்தப் பாலில். இந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு, இந்தச் செடி ஏன் வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கோடைக் கடைசியில் பிறக்கும் மொனார்க்குகள்தான் இங்கிருந்து மெக்சிகோ மலைகள் வரை பறக்கின்றன.

லான் அசிங்கமாகிவிடும், எச்.ஓ.ஏ. கடிதம் போடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: வீட்டு உரிமையாளர் சங்கங்கள் நாட்டுச் செடிகளுக்கு ஒட்டுமொத்தமாகத் தடை போடக்கூடாது என்று இல்லினாய் 2024-ல் சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும், அவ்வளவுதான். பொறுமையும் வேண்டும். முதல் இரண்டு வருஷம் செடி வேரைத்தான் வளர்க்கும், மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. கடையில் விற்கும் ‘வைல்ட்ஃபிளவர் மிக்ஸ்’ பாக்கெட்டை நம்பாதீர்கள், பலவற்றில் வேறு தேசத்துப் பூக்கள் கலந்திருக்கும்.

ஆனால் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் போதாது. உழாத ஒரு பழைய பிரெய்ரித் துண்டு அழிந்தால், நம் தோட்டங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. அதைக் காப்பாற்ற ஆள் தேவை. ஃபாரஸ்ட் பிரிசர்வ் எனும் பாதுகாக்கப்பட்ட பொது நிலங்களின் தன்னார்வலர் நாட்களில், வெளியிலிருந்து வந்து பரவிய பக்தார்ன் புதரை வெட்டுவது, இலையுதிர்காலத்தில் விதை சேகரிப்பது, பயிற்சி எடுத்தால் தீ வைக்கும் குழுவிலும் சேர்வது என்று எல்லா வேலையும் இருக்கிறது. தீ என்றதும் பதற வேண்டாம். பிரெய்ரிப் புல்லின் குருத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். புதரும் மரக்கன்றும்தான் கருகும். காற்றும் ஈரப்பதமும் பார்த்துத்தான் பற்ற வைப்பார்கள். கரிந்த கறுப்பு நிலம் வெயிலைச் சீக்கிரம் இழுத்துக்கொள்வதால், சில வாரங்களிலேயே அங்கே பச்சை கிளம்பும். இந்த வேலைக்கு வருபவர்களில் நம் ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான் என் வருத்தம். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கார் பார்க்கிங்கில் காத்திருக்கும் நேரம் போதும் இதற்கு.

மில்க்வீட் விதைக்குக் குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும். அதனால் நவம்பரில் வெறும் மண்ணில் தூவி, காலால் லேசாக மிதித்துவிட்டால் போதும், மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். இடம் சின்னது என்றால் சாதாரண மில்க்வீட் வேண்டாம், அது வேர்விட்டுப் பரவும். ஆரஞ்சுப் பூ பூக்கும் ‘பட்டர்ஃபிளை வீட்’ வையுங்கள். என் தோட்டத்து விதை இரண்டு வகையிலும் இருக்கிறது. நேப்பர்வில், அரோரா பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.