கால் பக்கத்துக்குப் போட்ட பணம்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். தீபாவளி மலருக்கு விளம்பரம் சேகரிக்கிறானாம். "பாய், உங்களுக்காகக் கால் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், சலுகை விலை" என்றான். (பத்தமடையில் பாய் விற்கிறவனைப் 'பாய்' என்று கூப்பிட்டால், கூப்பிடுவது என்னையா சரக்கையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.) வேண்டாம் தம்பி என்றேன். "ஏன் பாய், போன தடவை போட்டீர்களே?" என்றான். போட்டதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கணக்கை மறைப்பானேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத இதழில் கால் பக்கம், வண்ணத்தில். 18,000 ரூபாய், ஜிஎஸ்டி 900. இதழ் வெளிவந்த ஆறு வாரத்தில் 37 அழைப்புகள். முதல் இரண்டு நாள் வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதில் பதினொன்று மற்ற பத்திரிகைகளின் விளம்பரக்காரர்கள். ஒரு பத்திரிகையில் போட்டவன் இன்னொன்றிலும் போடுவான் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. விலையைக் கேட்டதும் வைத்துவிட்டவர்கள் பதினான்கு பேர். ஒருவர், "இருநூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் பாய் கிடைக்கிறதே, நீங்கள் ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்?" என்று நியாயம் கேட்டார். இன்னொருவர் விளம்பரத்தில் இருந்த 'புவிசார் குறியீடு' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அது புது வரியா என்று விசாரித்தார். (இந்தப் பொருள் இந்த ஊருக்கே உரியது என்று அரசு தரும் பதிவு அது.)

வாங்கியவர்கள் ஐந்து பேர். கூலியும் கோரையும் நூலும் போகக் கையில் நின்றது 4,500 ரூபாய். ஆக நஷ்டம் 14,400. இதை ரூபாயாகச் சொன்னால் பெரிதாகத் தெரியாது. உம்மா தறியில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதுகு நிமிராமல் வேலை செய்த 32 நாட்களைக் கொண்டுபோய் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, ஐந்துக்குப் பதில் நாற்பது பேர் வாங்கியிருந்தால்? அங்கேதான் எனக்கு உண்மையான உறுத்தல். எங்கள் வீட்டில் மூன்று தறி. கோரையைப் பச்சையாகக் கீறி, காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் மயிரிழையாகக் கீறி எடுத்து, 120 பாவில் (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; எண் கூடக் கூடப் பாய் மெல்லிதாகும்) பட்டுப்போல் மென்மையான பட்டுப்பாய் நெய்து முடிக்க ஒரு தறிக்கு ஒரு மாதம் போய்விடும். ஆண்டு முழுவதும் ஓட்டினாலும் முப்பத்தாறு பாய். கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரையும் தேதியையும் சேர்த்து நெய்ய வேண்டும். முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்காது. கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரருக்கு ஆர்டர் குவிந்தால் இன்னும் நாலு பேரை உட்கார வைத்து உருட்டிவிடலாம். அவர் விளம்பரம் போடட்டும், போட்ட பணம் திரும்பும். 120 பாவுக்குக் கை பழக ஒருத்திக்கு எத்தனை வருடம் ஆகும் என்று என் தங்கையைக் கேளுங்கள். எனக்கு லட்சம் வாசகர்கள் எதற்கு? ஆண்டுக்கு முப்பத்தாறு வீடுகள் போதும்.

படமும் கைகொடுக்காது. பட்டுப்பாயின் அருமை மடிப்பில் இருக்கிறது. புடவை போல மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம். மடித்து நீட்டினால், வாங்க வந்தவர் முதலில் நம்ப மாட்டார். பிறகு புறங்கையால் தடவிப் பார்ப்பார். அதோடு பேரம் பாதி முடிந்துவிடும். கால் பக்கப் படத்தில் 50 பாவும் 120 பாவும் ஒரே பாய்தான்.

பத்திரிகை விளம்பரமே வீண் என்று சொல்ல வரவில்லை. எஸ்.எஸ். வாசன் 1928-இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன் விளம்பரம் சேகரித்தவர், தபால் வழி வியாபாரம் செய்தவர். அந்தக் காலத்தில் பத்திரிகைதான் கடைவீதி. பக்கத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் பொருள் வீட்டுக்கு வந்தது. இன்று அந்த வீதியில் நடமாட்டம் குறைந்துவிட்டது. கல்கி வார இதழே 2020-இல் அச்சை நிறுத்திவிட்டது. விளம்பரக் கட்டணம் மட்டும் பழைய கூட்டத்தை நினைத்தே கேட்கப்படுகிறது.

ஊர்க் கொடை மலர், பள்ளி நூற்றாண்டு மலர் இவற்றுக்கெல்லாம் ஐநூறு, ஆயிரம் இன்றும் கொடுக்கிறேன். அது விளம்பரமல்ல, மொய். மொய்யில் லாபம் பார்க்கக் கூடாது.

இப்போது செய்வது இரண்டே காரியம். மேலப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில், பெயர் நெய்த மாதிரிப் பாயைக் கொடுத்து வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கு வருகிறவர் கையில் மணமக்கள் பெயரும் தேதியும் தயாராக இருக்கும். விற்றால் அச்சகத்துக்குக் கமிஷன்; விற்காவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒவ்வொரு பாயின் அடிப்பக்க மூலையிலும் விரல் அகலத் துணித்துண்டு ஒன்று தைக்கிறோம். ஊர்ப் பெயர், போன் நம்பர், அவ்வளவுதான். செலவு நாலு ரூபாய். மறுவீட்டு விருந்துக்கு விரிக்கும்போது யாராவது ஓர் அத்தை மூலையைப் புரட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். சென்ற ஆண்டு வந்த கல்யாண ஆர்டர்களில் பாதிக்கு மேல் அந்தத் துணித்துண்டைப் பார்த்து வந்தவை.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யனாகிவிடுவேன். இரண்டு மாதத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா பேசினார். "உங்கள் விளம்பரத்தைக் கிழித்து ரேஷன் கார்டோடு வைத்திருந்தேன், இப்போதுதான் மகனுக்குப் பெண் அமைந்தது" என்றார். மூன்று ஆண்டுகளாக! முகநூலில் போட்ட எந்தப் படத்தையும் யாரும் ரேஷன் கார்டோடு வைத்ததில்லை. அந்தப் பாய் இப்போது தறியில் இருக்கிறது. மணமகன் பெயர் முடிந்து மணமகள் பெயரில் பாதிவரை வந்திருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு பாயைச் சேர்த்தாலும் கணக்கு நேராகாது.

தீபாவளி மலர்த் தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: பக்கம் வேண்டாம், மலர் வந்ததும் ஒரு பிரதி எடுத்து வை, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். உம்மா கதை படிப்பாள்.