கண்டியில் வீட்டோடு முதியவர்களைப் பராமரிக்க ஆள் தேடுபவர்களுக்கு

கண்டியிலோ ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அம்மாவோ அப்பாவோ படுக்கையில் விழுந்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தொலைபேசி எடுப்பதுதான். "வீட்டோட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை கிடைக்குமா?" என்று கேட்கிறோம். வரப்போகும் பிள்ளைக்கு என்ன தெரியும், நோயாளிக்கு என்ன தேவை, இரவில் யார் விழித்திருப்பது என்ற பேச்செல்லாம் அந்தப் பிள்ளை பையுடன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் வருகிறது. இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பது கற்றுச் செய்ய வேண்டிய தொழில். அதைத் தொழிலாக மதித்துத் தேடி, தொழிலுக்குரிய சம்பளமும் ஓய்வும் கொடுத்தால்தான் நம் பெற்றோருக்கு நல்ல பராமரிப்புக் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். கொழும்பிலும் கண்டியிலும் பிறர் வீட்டு முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இரவெல்லாம் விழித்திருப்பவர்களில் நம் தோட்டங்களிலிருந்து போன பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே இதைப் பேச வேண்டிய முதல் ஆட்கள் நாம்தான்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கை மக்களில் 12.4 சதவீதமானோர் 60 வயதைக் கடந்திருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டேதான் வருகிறது. மலையகத்தில் இதன் பாரம் இன்னும் கனமாகத் தெரிகிறது, ஏனென்றால் உழைக்கும் வயதில் இருப்பவர்கள் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட, பல வீடுகளில் மிஞ்சுவது ஒரு முதியவரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு முதியவரும்தான். வைத்தியசாலைகளிலும் கட்டில் தட்டுப்பாடு. பாரிசவாதம் வந்தவரை ஓரளவு தேறியதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூக்குக் குழாயில் உணவு கொடுப்பதையும் சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருப்பதையும் வார்ட்டில் ஒரு தாதி அவசர அவசரமாகக் காட்டிக் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குப் பார்க்க இன்னும் எத்தனையோ நோயாளிகள். ஆனால் அந்தச் சில நிமிடப் பாடத்தை நம்பித்தான் ஓர் உயிர் வீட்டுக்கு வருகிறது.

என் அம்மாவுக்கு இடது பக்கம் முழுவதும் செயலிழந்தபோது, கண்டியிலுள்ள ஒரு முகவர் நிலையத்தில் முற்பணம் கட்டி ஆள் எடுத்தோம். பயிற்சி பெற்றவர் என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது, நோயாளி எவரையும் அவர் அதற்கு முன் தொட்டதில்லை. நல்ல மனம் கொண்ட பிள்ளை. ஆனால் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க, செயலிழந்த கையைப் பிடித்தே இழுத்தார், தோள்மூட்டு வீங்கிவிட்டது. பாரிசவாதம் வந்த பக்கத்துத் தோளில் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கலாம் என்பதையும், அந்தக் கையை இழுத்தால் மூட்டு நழுவலாம் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முற்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வேண்டுமானால் வேறு ஆள் அனுப்புகிறோம் என்றார்களே தவிர, அனுப்பியவருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லை.

பிறகு வந்தவர் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், வெளிநாட்டில் முதியோர் பராமரிப்பு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அவர் அம்மாவுக்குச் சட்டை போட்டதைப் பார்த்தபோதுதான் இந்த வேலையில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைப்பார், நல்ல கையைப் பிறகு. கழற்றும்போது முறை தலைகீழாகும், நல்ல கை முதலில், செயலிழந்த கை கடைசியில். புரட்டிப் படுக்க வைப்பதற்கு முன், "அம்மா, இப்ப சுவர்ப் பக்கம் திரும்பப் போறோம், நல்ல கையால என்னைப் பிடிச்சுக்கிங்க" என்று சொல்லிவிட்டு, இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த துணியைப் பிடித்து ஒரே சீராகத் திருப்புவார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்தத் திருப்பல் நடந்தது. குதிகாலும் நாரியும் சிவக்கின்றனவா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். அவர் இருந்த காலம் முழுவதும் அம்மாவுக்குப் படுக்கைப் புண் வரவே இல்லை.

ஆகையால் ஆள் தேடுவதற்கு முன் நோயாளியின் தேவையை எழுதி வையுங்கள். அவரால் எழுந்து நடக்க முடியுமா, விழுங்க முடியுமா, இரவில் எத்தனை தடவை எழுகிறார், குழாய் ஏதும் பொருத்தியிருக்கிறதா, இன்சுலின் ஊசி போட வேண்டுமா, மறதி நோய் உண்டா என்பதையெல்லாம் எழுதிப் பார்த்தால், உங்களுக்குத் தேவை தாதியா பராமரிப்பாளரா என்பது தானாகத் தெளிவாகிவிடும். காயத்துக்கு மருந்து கட்டுவதும் குழாய் மாற்றுவதும் தாதியின் வேலை. அதற்கு வாரத்தில் ஓரிரு தடவை ஒரு தாதி வீட்டுக்கு வந்துபோனாலே போதும். அந்த வேலையையும் பராமரிப்பாளர் தலையில் கட்டுவது நோயாளிக்கு ஆபத்து, அவருக்கும் அநியாயம்.

முகவர் நிலையத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பராமரிப்புத் தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது, வருபவரிடம் அது உண்டா என்று கேட்டு மூலப் பிரதியைப் பாருங்கள். கிராம உத்தியோகத்தர் சான்றும் பொலிஸ் அறிக்கையும் கேளுங்கள். ஆள் சரிவராவிட்டால் எத்தனை நாளில் மாற்றுவார்கள், முற்பணத்தில் எவ்வளவு திரும்பும், நீங்கள் கட்டும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்குப் போவது எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பும் இடத்தில் நான் ஆள் எடுக்கமாட்டேன். சம்பளத்தில் பாதியைத் தரகில் இழப்பவர் நிலைத்து நிற்கமாட்டார், மாதத்துக்கொரு முகம் மாறினால் முதியவர்தான் குழம்பிப் போவார். முடிந்தால் முதல் இரண்டு நாட்கள் வீட்டில் நின்று, அவர் தூக்குவதையும் ஊட்டுவதையும் உங்கள் கண்ணால் பாருங்கள். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறாரா, கொடுத்து முடித்ததும் உடனே படுக்க வைத்துவிடாமல் அரை மணித்தியாலமாவது அப்படியே வைத்திருக்கிறாரா என்று கவனித்தாலே பயிற்சியின் தரம் தெரிந்துவிடும்.

மொழியையும் கவனத்தில் எடுங்கள். கண்டியில் கிடைக்கும் பராமரிப்பாளர்களில் பலர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள், அவர்களில் மிகச் சிறந்தவர்களை நான் அறிவேன். ஆனால் மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போய், பிள்ளை வயதில் பேசிய மொழி மிஞ்சுவது பல நோயாளிகளிடம் காணப்படுவது. கடைத்தெருவிலும் கந்தோரிலும் நாற்பது வருடம் சரளமாகச் சிங்களம் பேசிய ஒருவர், வயிற்று வலியைத் தமிழில் மட்டும் சொல்லும் நிலை வரலாம். அதைப் புரிந்துகொள்ள ஆளில்லாத வீட்டில் அந்த வலி வெறும் பிடிவாதமாகவும் கத்தலாகவும்தான் தெரியும். தமிழ் பேசும் பராமரிப்பாளரைக் கேட்பதில் இன பேதம் எதுவும் இல்லை. அது நோயாளியின் தேவை.

மலைநாட்டுக் குளிரிலும் நம் வீடுகளின் அமைப்பிலும் தனிக் கவனம் வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப் போனவருக்குச் சுடுதண்ணீர்ப் பை வைத்தால், தோல் வெந்துபோகும் வரை அவருக்கே தெரியாது, அந்தப் புண் இலேசில் ஆறவும் ஆறாது. காலுறையும் கம்பளியும் போதும். வீதியிலிருந்து படி இறங்கிப் போக வேண்டிய வீடாக இருந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வந்தாலும் நோயாளியை மேலே தூக்கிவர ஆட்கள் வேண்டும். அந்த அயலவர்களின் தொலைபேசி இலக்கங்களைப் பராமரிப்பாளரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இனி அந்தப் பராமரிப்பாளரின் பக்கம். 1871ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர்களைப் பதிவு செய்ய ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன் நோக்கம் எசமானைக் காப்பதேயன்றி வேலைக்காரரைக் காப்பது அல்ல. 2016ஆம் ஆண்டு தேசிய ஆகக் குறைந்த சம்பளச் சட்டத்தை இயற்றியபோதும் வீட்டுப் பணியாளர்களை அதிலிருந்து விலக்கியே வைத்தார்கள். சட்டம் காக்காத இடத்தில் வீட்டுக்காரரின் நேர்மைதான் காக்க வேண்டும். இருபத்துநான்கு மணித்தியாலமும் வீட்டோடு இருப்பவர் இருபத்துநான்கு மணித்தியாலமும் வேலை செய்ய முடியாது. இரவில் நான்கைந்து தடவை எழ வேண்டிய நோயாளி என்றால், பகலில் சில மணித்தியாலமாவது அவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும், அந்த நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, படுக்கத் தனி இடம், நாம் சாப்பிடும் அதே சாப்பாடு, தீபாவளிக்கு வீட்டுக்குப் போக லீவு, சமையலும் துணி துவைப்பும் வேலையில் அடங்குமா இல்லையா என்ற தெளிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நோயாளியின் பம்பர்ஸ் மாற்றுபவரிடமே வீடு கூட்டவும் விறகு பிளக்கவும் சொல்லும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நோயாளியின் முதுகைப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

பணம் கொடுத்து ஆள் வைக்க முடியாதவர்களே நம்மில் அதிகம் என்பதை மறந்து இதை எழுதவில்லை. வறிய முதியவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பம்பர்ஸ் வாங்கவே அது காணாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிட்டுப் பிள்ளைகளிடம் பணம் பெறலாம். ஆனால் பிள்ளையும் கொழும்பில் கடையொன்றில் நாட்சம்பளத்துக்கு நிற்பவராக இருந்தால் சபை எதைக் கேட்டு வாங்கும்? கொழுந்து பறிக்கப் போகும் தாயின் குழந்தையைப் பார்க்கத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அதே தாயின் படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்க்கப் பெரும்பாலான தோட்டங்களில் எந்த ஏற்பாடும் இல்லை. காலையில் ஒரு கோப்பைத் தேநீரும் ரொட்டியும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனால், பகல் சாப்பாட்டுக்கு யாராவது லயத்துக்குத் திரும்பும் வரை அவர் அப்படியே கிடக்கிறார்.

நம் அரசியல்வாதிகளிடம் நான் கேட்பது இதைத்தான். பராமரிப்பாளர் பயிற்சியைத் தமிழ் மொழியில், தமிழில் பாடப் புத்தகமும் தமிழில் பரீட்சையுமாக, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒழுங்காக நடத்துங்கள். செய்முறைப் பயிற்சிக்கு 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடமும் நுவரெலியா வைத்தியசாலையும் இருக்கின்றன. இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் பராமரிப்பு வேலைக்கு ஆட்களை அனுப்ப அரசாங்கம் ஒப்பந்தம் செய்துகொள்ளும் காலம் இது. அந்த வேலைக்குத் தேவையான சான்றிதழ் நம் பிள்ளைகளின் கைக்கு அவர்கள் ஊரிலேயே, அவர்கள் மொழியிலேயே கிடைக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்களில் தோட்டத்துக்கு இருவரையாவது சம்பளத்தோடு நியமித்தால், லயம் லயமாகப் போய், படுத்திருப்பவர்களைத் திருப்பிப் போட்டு, குளிப்பாட்டி, மருந்து கொடுக்க ஆளிருக்கும். மற்றவர்கள் கண்டியிலோ கொழும்பிலோ வேலைக்குப் போகும்போது, கையில் தகைமையோடு சம்பளம் பேசிப் போவார்கள்.