குளோரின் அணு சோடியத்தைவிடச் சிறியது

"தனிம அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போகப் போக எலக்ட்ரான் கூடும், அதனால் அணுவும் பெரிதாகும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நேர் தலைகீழ். நம்ம வேலூர்ப் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

சோடியமும் குளோரினும் ஒரே தொடரில், அதாவது அட்டவணையின் ஒரே கிடைவரிசையில் இருக்கின்றன. ஒரே தொடரில் புது எலக்ட்ரான் அதே வெளிக்கூட்டில்தான் சேரும். கூடவே புரோட்டானும் ஏறுவதால் அணுக்கரு எல்லாவற்றையும் இன்னும் இறுக்கி உள்ளே இழுக்கும். சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரினுக்கு 99தான்.

குழப்பம் வருவது அயனியில், அதாவது எலக்ட்ரானை இழந்த அல்லது வாங்கிக்கொண்ட அணுவில். பேரணாம்பட்டு தோல் மண்டிகளில் பச்சைத் தோலுக்குத் தடவும் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சோடியம் ஒரு எலக்ட்ரானை விட்டதும் வெளிக்கூடே போய், 102 ஆகச் சுருங்கிவிடும். அதை வாங்கிக்கொண்ட குளோரின் 181 ஆகப் பெருத்துவிடும். நண்பர் பார்த்தது அயனிப் படமாக இருக்கலாம். கருத்தைத் திருத்திவிடுங்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அப்படியே எழுதிவிடும்.