'பிரிவு 233' ஃபார்வர்டு: அப்படி ஒரு புதுச் சட்டம் இல்லை

"பலாத்காரம் செய்ய வருபவனைப் பெண் கொன்றால் குற்றமில்லை, மோடி அரசின் புதுச் சட்டம், பிரிவு 233" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அவ்வப்போது தலைதூக்குகிறது. பொய். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 233, கள்ள நாணயம் அடிக்கும் கருவி பற்றியது! எண்ணையாவது சரிபார்த்திருக்கலாம்.

தற்காப்புக்காகக் கொல்ல நேர்ந்தால் குற்றமில்லை என்பது 1860இல் வந்த அதே தண்டனைச் சட்டத்திலேயே, 100ஆம் பிரிவில் இருந்தது. பலாத்கார முயற்சியும் அதில் அடக்கம். 2013இல் ஆசிட் வீச்சு சேர்ந்தது. 2024 ஜூலை முதல் அந்த 100ஆம் பிரிவு, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு.

வரம்பும் உண்டு. ஆபத்து கண்முன் இருக்கும்போது, தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே. தப்பி ஓடியவனை மறுநாள் தேடிப்போய் வெட்டினால், அது கொலை வழக்குதான்.