பில் எங்கே?

திருகோணமலை உவர்மலைப் பக்கம் ஒரு கட்டாக்காலி நாய் அடிபட்டுக் கிடந்தால், வைத்தியத்துக்குக் காசு கேட்டு முதலில் வருவது படம், அடுத்தது வங்கிக் கணக்கு இலக்கம். பில் மட்டும் வருவதேயில்லை! மூன்று மாதம் கழித்து அதே படம் வேறு பெயரில் சுற்றும். அதே வெள்ளைக் கால், அதே கிழிந்த காது. எங்களுக்குக் கண் இல்லையா?

நாயின் பிறப்புறுப்பில் வரும், நாய்க்கு நாய் தொற்றும் புற்றுக் கட்டிக்கு வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, வாரம் ஒன்று, பெரும்பாலும் 4 தொடக்கம் 6 வாரம். நாயின் நிறையைப் பார்த்துத்தான் அளவு. அப்படியென்றால் ஒவ்வொரு ஊசிக்கும் திகதி, நிறை, பற்றுச்சீட்டு இருக்கவேண்டாமா? காசு சேர்ப்பவர்கள் காட்டுவதோ ‘மருத்துவச் செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகை. மருந்தின் பெயரில்லை, மிருக வைத்தியரின் முத்திரையில்லை. கேட்டால் ‘இரக்கமில்லாதவர்’ என்ற பட்டம்.

பிரட்ரிக் கோட்டை மான் பொலித்தீன் தின்றாலும் வசூல்தான். புள்ளிமானுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தை அல்லவா கூப்பிடவேண்டும்? பிறகு அந்தக் காசு யாருக்கு?

நாய் செத்தால் செத்தது என்றும் சொல்லமாட்டார்கள், மிச்சக் காசும் வெளியே வராது. ஏமாந்தவர் அடுத்தமுறை கை விரிக்கிறார். உண்மையாகவே ஊசி போட்டுக்கொண்டிருந்த நாய்க்கு இரண்டாவது ஊசியோடு காசு முடிகிறது. கட்டி திரும்பவும் வளர்ந்து, இரத்தம் சொட்டச் சொட்ட அது றோட்டில் நிற்கிறது.