கால் சதவீத வட்டியும் ஒரு திங்கட்கிழமையும்

2024 ஜூலை 31 அன்று ஜப்பானின் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி விகிதத்தை 0.25 சதவீதமாக உயர்த்தியது. அதுவரை அது பூஜ்ஜியத்துக்கும் 0.1 சதவீதத்துக்கும் இடையில் இருந்தது. அமெரிக்காவில் அப்போது வட்டி 5.25 முதல் 5.50 சதவீதமாக இருந்ததோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய உயர்வு. ஆனால் அடுத்து வந்த திங்கட்கிழமை, ஆகஸ்ட் 5 அன்று, டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கி 225 குறியீடு 4,451 புள்ளிகள், அதாவது 12.4 சதவீதம் சரிந்தது. 1987 அக்டோபருக்குப் பிறகு அந்தச் சந்தை ஒரே நாளில் இவ்வளவு இழந்ததில்லை. சியோலில் காஸ்பி குறியீடு வீழ்ந்த வேகத்தில் வர்த்தகத்தையே 20 நிமிடங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. நியூயார்க்கும் தப்பவில்லை.

அன்றே பலரும் ஜப்பான் மத்திய வங்கி அவசரப்பட்டுவிட்டதாகக் குற்றம்சாட்டத் தொடங்கினார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

வட்டி குறைந்த நாட்டின் பணத்தில் கடன் வாங்கி, வட்டி அதிகமுள்ள நாட்டில் முதலீடு செய்வதைக் கேரி டிரேடு என்பார்கள். அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் என் காரணம் விளங்கும். ஒருவர் ஏறக்குறைய வட்டியே இல்லாமல் 1 கோடி யென் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 160 யென் என்றிருக்கும்போது மாற்றினால் அவருக்கு 62,500 டாலர் கிடைக்கும். அதை 5 சதவீத வட்டி தரும் அமெரிக்கக் கடன் பத்திரத்தில் போட்டால் ஆண்டுக்கு 3,125 டாலர், அதாவது 5 லட்சம் யென் வருமானம். ஜப்பானில் வட்டி உயர்வதால் யென் வலுவடைந்து ஒரு டாலர் 142 யென் ஆகிவிட்டால், அதே 62,500 டாலரை விற்றுக் கிடைப்பது 88,75,000 யென் மட்டுமே. நட்டம் 11,25,000 யென். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான வட்டி வருமானம் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. இந்த எண்கள் கற்பனையல்ல. ஜூலைத் தொடக்கத்தில் 161ஐத் தாண்டியிருந்த டாலர், ஆகஸ்ட் 5 அன்று 142 யென் அளவுக்கு இறங்கியது.

உண்மையில் இந்த விளையாட்டில் இருந்தவர்கள் கைப்பணத்தைப் போல் பல மடங்கு கடன் வாங்கியிருந்தார்கள். மார்ஜின் தொகை, அதாவது கடனுக்கு ஈடாகக் கூடுதல் பணம், கேட்டு நெருக்கடி வரும்போது அவர்கள் எதை விற்க முடியுமோ அதை விற்பார்கள். லாபத்தில் இருக்கும் நல்ல பங்குகள்தான் முதலில் விலைபோகும். யென்னை வாங்கிக் கடனை அடைப்பதால் யென் மேலும் ஏறும். அது ஏற ஏற அடுத்தவருக்கும் அதே நெருக்கடி. ஆகஸ்ட் 2 அன்று வெளியான அமெரிக்க வேலைவாய்ப்பு விவரம் மோசமாக இருந்ததும் இந்தச் சங்கிலியை வேகப்படுத்தியது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் வட்டி உயர்வு ஒரு தீக்குச்சிதான்; விறகை ஆண்டுக்கணக்கில் அடுக்கிவைத்தவர்கள் வேறு.

ஜப்பானியக் குடும்பங்களின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். யென்னின் மதிப்பு 1986க்குப் பிறகு காணாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. எரிபொருளையும் உணவையும் பெருமளவு இறக்குமதி செய்யும் நாட்டில் அதன் சுமை நேராகச் சமையலறையில் போய் விழும். தன் மக்களுக்காக ஒரு மத்திய வங்கி கால் சதவீத வட்டி வைக்கக் கூடாது, அந்நிய முதலீட்டாளர்களுக்கு இலவசமாகக் கடன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

எனக்கு உறுத்தலாக இருப்பது ஆகஸ்ட் 7 அன்று நடந்தது. சந்தைகள் நிலையற்றிருக்கும் வரை வட்டியை உயர்த்த மாட்டோம் என்று துணை ஆளுநர் ஷினிச்சி உச்சிதா அறிவித்தார். அதற்கு முந்தைய நாளே நிக்கி 10 சதவீதத்துக்கு மேல் மீண்டிருந்தது. பதற்றத்தைத் தணிக்க அந்தச் சொல் உதவியது, சரி. ஆனால் போதுமான அளவு கூச்சலிட்டால் மத்திய வங்கி பின்வாங்கும் என்ற பாடத்தையும் சந்தை அதிலிருந்து கற்றிருக்கும். 2025 ஜனவரியில் விகிதம் 0.5 சதவீதமாக உயர்ந்தபோது பெரிய அதிர்வு ஏதும் இல்லை. இந்த முறை ஆளுநர் கசுவோ உவேதாவும் உச்சிதாவும் முன்கூட்டியே தெளிவான குறிப்புக் கொடுத்திருந்தார்கள். எனவே என் குறையெல்லாம் வட்டி உயர்வைப் பற்றியதல்ல, அதை முன்னதாகச் சொல்லாததைப் பற்றியது.

கேரி டிரேடில் இறங்கியவர்கள் ஆபத்தைத் தெரிந்தே ஏற்றவர்கள். டாலரில் கடன்பட்ட ஏழை நாடுகளின் மக்களுக்கு அந்தத் தேர்வுகூடக் கிடையாது. பால் வோல்க்கர் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த காலத்தில், 1981இல், அமெரிக்க வட்டி 19 சதவீதத்தைத் தாண்டியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடனைக் கட்ட இயலாமல் கைவிரித்தது. அதன் பிறகு லத்தீன் அமெரிக்காவில் வளர்ச்சியின்றிப் போன பத்தாண்டின் விலையைக் கொடுத்தவர்கள், அந்தக் கடன் ஒப்பந்தங்கள் எதிலும் கையெழுத்திடாதவர்கள்.

இனி நான் கவனிப்பது ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனங்களையும் ஓய்வூதிய நிதிகளையும்தான். அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களை மிக அதிகமாக வைத்திருக்கும் வெளிநாடு ஜப்பான். அதன் கையிருப்பு 1 லட்சம் கோடி டாலருக்கும் மேல். உள்நாட்டுப் பத்திரங்களே நல்ல வட்டி தரத் தொடங்கினால் அந்தப் பணம் மெல்ல வீடு திரும்பும். அப்போது அமெரிக்க அரசும், அதன் வட்டியை அளவுகோலாகக் கொண்டு கடன் வாங்கும் ஏனைய நாடுகளும் கூடுதல் வட்டி கொடுக்க நேரும். ஆகஸ்ட் 5 போல ஒரே நாளில் நடக்காது என்பதால் அது பெரும்பாலும் தலைப்புச் செய்தியாகவும் வராது.