ஒன்பது அடிக்கு ஒரு டிசைன்

(மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். தையல் மெஷின் முன்னால் அண்ணி. ஒரு கையில் போன், மறு கையில் மடித்த புடவையோடு நாத்தனார் கோமதி.)

கோமதி: அண்ணி, என் டைனிங் டேபிள் நடுவுல நீளமா விரிக்கற ரன்னருக்கு, பஞ்சு வச்சுத் தைக்கற க்வில்டிங் டிசைன் பிடிச்சுட்டேன். மொத்தம் 43.

அண்ணி: ரன்னர் எத்தனை?

கோமதி: ஒண்ணுதான்.

அண்ணி: சரி. முதல்ல மேசை அளவைச் சொல்லு.

கோமதி: நீளம் எட்டு அடி, அகலம் மூணரை.

அண்ணி: 96 இன்ச். முனைக்கு ஆறு இன்ச் தொங்கவிட்டா 108. ரன்னர் அகலம் 18 வச்சா, ரெண்டு பக்கமும் தட்டு வைக்க 12 இன்ச் மிஞ்சும். துணி?

கோமதி: இதோ, கண்டாங்கி. பீரோவுல சும்மா கிடந்துச்சு.

அண்ணி: (விரித்துப் பார்த்து) அடடா, ரெண்டு இன்ச் கட்டம்! துவைச்சுத் துவைச்சுச் சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போயிடுச்சு. புதுத் துணின்னா ஒரு நாள் ஊறப் போடணும். யாரோட புடவை?

கோமதி: மயிலைப் பாருங்க அண்ணி, மயிலை!

அண்ணி: எதுவா இருந்தாலும் துண்டுல தச்சுப் பாக்காம சொல்ல மாட்டேன். (கத்தரிக்கோலை எடுத்து முந்தானையில் பத்து இன்ச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டுகிறார்.)

கோமதி: (எச்சில் விழுங்கி) வெட்டிட்டீங்களா?

அண்ணி: பாத்துக்கிட்டே இருந்தா தைக்குமா? நடுவுல பஞ்சு வச்சு மூணு அடுக்காக்கணும்.

கோமதி: அந்தப் புஸுபுஸு பாலியெஸ்டர் பஞ்சு வைங்க. மெத்துனு இருக்கும்.

அண்ணி: மெத்துனு இருந்தா தண்ணி டம்ளர் சாயும். சூடா சாம்பார்ச் சட்டியை வச்சா பஞ்சு அமுங்கி அங்கேயே ஒட்டிக்கும். விரிப்பு மாதிரி மெல்லிசா வர்ற காட்டன் பஞ்சு, பேட்டிங்னு சொல்வாங்களே, அதுதான் மேசைக்கு ஆகும். இப்ப உன் மயிலைக் காட்டு.

கோமதி: தோகையில மட்டும் 24 கண்ணு!

அண்ணி: ஒவ்வொரு கண்ணும் தனியா ஆரம்பிச்சுத் தனியா முடியுது. கண்ணுக்கு ரெண்டு நூல் முனை, ஆக 48. அத்தனையும் அடியில இழுத்து முடிச்சுப் போட்டு உள்ளே சொருகணும். மயிலைக் காட்டுக்கு அனுப்பு.

கோமதி: அப்ப சிக்குக் கோலம்? ஒரே இழைதானே, முடிச்சே வேண்டாம்.

அண்ணி: பரவாயில்லையே, மூளையும் கொஞ்சம் வேலை செய்யுது! ஆனா அத்தனை வளைவுக்கு, கீழே துணியை இழுக்கற பல்லை இறக்கிவிட்டு, கையாலதான் துணியை நகர்த்தணும். கை வேகமாப் போனா தையல் நீளும், மெதுவாப் போனா ஒரே இடத்துல குத்தும். வளைவுல சட்டுனு இழுத்தா அடியில நூல் கண் இமை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். இத்தனை பாடுபட்டும் கட்டத்து மேல கோலம் தெரியவே தெரியாது. வெள்ளைத் துணி கொண்டு வா, நானே போட்டுத் தர்றேன்.

கோமதி: இந்தப் புழு நெளியற மாதிரி டிசைன்?

அண்ணி: நெருக்கமா நெளிஞ்சா துணி விறைச்சுப் போகும். முனையில தொங்காது, அப்பளம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும்.

கோமதி: சரி, நீளவாக்குல கோடு! அதுலயாவது குத்தம் சொல்லாதீங்க.

அண்ணி: ஒரு இன்ச்சுக்கு ஒண்ணுன்னா 17 கோடு, ஒவ்வொண்ணும் ஒன்பது அடி. கீழ்ப் பல்லு அடித்துணியை இழுக்கும், மேலேர்ந்து அமுக்கற காலு மேல்துணியைத் தள்ளிக்கிட்டே போகும். அந்த முனைக்குப் போய்ச் சேரும்போது மேல்துணி மிஞ்சி மடிப்பு விழும். அடுத்த கோட்டை எதிர்ப் பக்கமாத் தச்சே, ரெண்டு கோட்டுக்கு நடுவுல துணி சாய்வா இழுத்துக்கும்.

கோமதி: அந்தக் காலுக்குப் பதிலா வாக்கிங் ஃபுட் மாட்டினா?

அண்ணி: அதுக்கு மேலயும் பல்லு இருக்கறதால முக்கால்வாசி சரியாகும். ஆனா கட்டத்துக் கோட்டு மேலயே தைக்கறப்ப ஒரு நூல் விலகினாலும் காட்டிக் கொடுத்துடும். அதனாலதான் குறுக்கே போகணும்னு சொல்றேன்.

கோமதி: எங்க சொன்னீங்க?

அண்ணி: இப்பத்தான். (துண்டில் விரலால் மூலைக்கு மூலை இழுத்துக் காட்டுகிறார்.) கட்டத்தோட இந்த மூலையிலேர்ந்து எதிர் மூலை, அங்கேர்ந்து அடுத்த கட்டத்து மூலை. ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம். தறியில நெசவாளி ஒரு இடத்துல கொஞ்சம் ஓங்கி அடிச்சிருந்தா அங்கே கட்டம் குள்ளமாயிருக்கும். ஸ்கேல் வச்சு நேர்கோடு போட்டா அந்தக் கோணல் பளிச்சுனு தெரியும். மூலையைப் பிடிச்சே போனா கோடும் கட்டத்தோட சேர்ந்து கோணும், பாக்கறவங்க கண்ணுக்குப் படாது. சாக்பீஸும் வேண்டாம்.

கோமதி: மொத்தம் எத்தனை கோடு வரும்?

அண்ணி: இந்தச் சாய்வுக்கு 31, அந்தச் சாய்வுக்கு 31. மூலையில வர்றது தவிர ஒவ்வொண்ணும் ரெண்டடிக்குக் கொஞ்சம் மேல. எல்லாம் ஓரத்துக்கு ஓடி, ஓரத்தைச் சுத்தி மடிச்சுத் தைக்கற பைண்டிங்குக்குள்ள போயிடும், முடிச்சே கிடையாது. 14 நம்பர் ஊசி, தையல் நீளம் மூணு மில்லி. முதல் கோடு நட்ட நடுவுல, அப்புறம் ரெண்டு முனையையும் பாத்துப் போகணும். ஓரத்துல ஆரம்பிச்சா சுருக்கமெல்லாம் நடுவுல வந்து உக்காந்துக்கும்.

கோமதி: துணி பத்துமா?

அண்ணி: தைக்கத் தைக்கச் சுருங்குமே, அதனால மேல்துணி 111க்கு 19. பஞ்சும் அடித்துணியும் சுத்தி ரெண்டு இன்ச் கூட, 115க்கு 23. புடவை அகலத்துல ரெண்டு துணியும் பக்கத்துல பக்கத்துல வந்துடும். மிச்சத்துல ரெண்டரை இன்ச் பட்டி ஆறு எடுத்தா பைண்டிங். ஊக்கு 120 வேணும்.

கோமதி: என் கல்யாணப் புடவைக்கே எட்டுதான் குத்தினாங்க!

அண்ணி: நீ ஒரு இடத்துல நிக்காம ஓடினே, அதான் அவிழ்ந்தது. நாலு இன்ச்சுக்கு ஒண்ணு குத்தலேன்னா இதுவும் ஓடும். இந்தா, முனையைப் பிடி. (கத்தரிக்கோலைத் திறக்கிறார்.)

கோமதி: அண்ணி... இந்த 62 கோடும் நாலு மணிக்குள்ள முடிஞ்சிடுமா?

அண்ணி: ஊக்கு குத்தவே நாலாயிடும். ஏன், என்ன அவசரம்?

கோமதி: அம்மா எந்திரிச்சுடுவாங்க.

அண்ணி: எந்திரிக்கட்டும். அத்தைக்கு ரன்னர்னா என்னன்னு காட்டுவோம்.

கோமதி: இன்னிக்குப் பிரதோஷம். கோயிலுக்குக் கட்ட இந்தப் புடவையைத்தான் தேடுவாங்க.

(அண்ணியின் கத்தரிக்கோல் திறந்தபடியே நிற்கிறது. மெஷின் மேல் இரண்டு முந்தானைத் துண்டுகள்.)

அண்ணி: அடிப்பாவி! பீரோவுல சும்மா கிடந்துச்சுன்னியே?

கோமதி: சும்மாதான் கிடந்துச்சு. நான் எடுத்துட்டுத்தானே வந்தேன்? வெட்டினது நீங்கதானே அண்ணி?